குவியலுக்குள் கை

 

மதீனா நகரின் கடைவீதியில் நிகழ்ந்த சம்பவம் ஒன்றை ஜும்ஆ மேடைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தை வழியே சென்றபோது வணிகர் ஒருவர் தானியத்தைக் குவித்து வைத்து விற்றுக் கொண்டிருந்தார். பார்வைக்கு அது நல்ல தானியமாகவே தோன்றியது. அண்ணலார் அந்தக் குவியலுக்குள் தம் திருக்கரத்தை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வினவியபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியாயின் வாங்குவோர் கண்ணில் படும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுகிறவரைத் தம்மைச் சேர்ந்தவராக ஏற்க முடியாது என்றும் எச்சரித்தார்கள்.

இச்சம்பவத்தை நான் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடமாக நடத்தி வருகிறேன். ஆயினும் அதன் பொருள் ஒரு தானியக் குவியலோடு முடிந்துவிடவில்லை என்பதை அண்மையில்தான் உணர்ந்தேன்.

சில மாதங்களுக்கு முன்பு, அஸர் தொழுகை முடிந்து எழுந்தபோது என்னிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர் வந்து அமர்ந்தார். பழைய தாள்களை வாங்கி ஆலைகளுக்கு விற்கும் சிறு வியாபாரம் அவருடையது.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்று தொடங்கினார்.

அவருக்குத் தெரிந்த ஒருவர் கூட்டு வியாபாரத்திற்கு அழைத்திருக்கிறார். ஐரோப்பிய நாடு ஒன்றிலிருந்து பழைய தாள் கன்டெய்னர் பெட்டகங்களில் வரும். விலை ஏறக்குறைய இனாம். கப்பல் கூலியைக்கூட அனுப்புகிறவர்களே ஏற்றுக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை, ஏற்றுவதற்கு முன்பு சரக்கைப் பார்க்க வேண்டுமென்று கேட்கக் கூடாது. தாளைப் பிரித்து ஆலைக்கு விற்றபின், எஞ்சுவதை ஊருக்கு வெளியே எங்காவது கொட்டிவிடலாம் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார்கள்.

"இந்த லாபம் ஹலாலா ஹஜ்ரத்? நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்யத்தான் போகிறார்" என்றார்.

விலை கொடுத்து வாங்கப்படும் பொருளுக்கு, விற்கிறவரே கூலியும் கொடுத்து அனுப்புவானேன்? இக்கேள்வி என் மனத்தை உறுத்தியது. ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் தேடிப் படித்தவற்றின் சாரமே இம்மாதக் கட்டுரை.

உரம் என்ற பெயரில் வந்த சாம்பல்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் தன் குப்பைகளை உலையிலிட்டு எரித்து வந்தது. மிஞ்சிய சாம்பலைக் கொட்ட அண்டை மாநிலங்கள் இடம்தர மறுத்தன. எனவே ஏறத்தாழ 14,000 டன் சாம்பலை ஏற்றிக்கொண்டு 1986-ஆம் ஆண்டில் 'கியான் ஸீ' என்ற கப்பல் புறப்பட்டது. பஹாமாஸ் தீவுகளில் இறக்குவது திட்டம், அந்நாடு மறுத்துவிட்டது. பின்னர் நாடு நாடாக அலைந்தும் எவரும் ஏற்கவில்லை.

1988 ஜனவரியில் அக்கப்பல் வறிய நாடான ஹெய்ட்டியின் கொனாயிவ் துறைமுகத்தை அடைந்தது. இப்போது சரக்கின் பெயர் மாறிவிட்டது. சாம்பல் 'உரம்' ஆயிற்று! ஏறத்தாழ 4,000 டன் கடற்கரையில் கொட்டப்பட்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது. திரும்ப ஏற்றுமாறு அரசு ஆணையிட்டபோதும் கப்பல் மெல்ல நழுவிவிட்டது. அதன்பின் கப்பலின் பெயரையும் இருமுறை மாற்றினார்கள். அவ்வாண்டின் இறுதியில் அது சிங்கப்பூரை அடைந்தபோது சரக்கறை காலியாக இருந்தது. எஞ்சிய சாம்பல் முழுவதும் கடலில் கொட்டப்பட்டுவிட்டது. ஹெய்ட்டிக் கரையில் கிடந்த சாம்பலோ 2000-ஆம் ஆண்டில்தான் திரும்ப அள்ளப்பட்டு, 2002-இல், பிலடெல்பியா அமைந்துள்ள அதே பென்சில்வேனியா மாநிலத்தின் குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டது. உண்டாக்கியவரின் வாசலுக்கே திரும்ப அதற்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன.

ஏறக்குறைய அதே காலத்தில் நைஜீரியாவின் கோகோ என்ற சிறு துறைமுக ஊரில் மற்றொரு கொடுமை நடந்தது. இத்தாலியிலிருந்து கப்பல் கப்பலாக வந்த நச்சுக் கழிவுப் பீப்பாய்கள், உள்ளூர்வாசி ஒருவரின் வீட்டு முற்றத்தில் அடுக்கப்பட்டன. முற்றத்திற்கு வாடகை மாதம் நூறு டாலர். பீப்பாய்க்குள் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஏறத்தாழ 4,000 டன் கழிவு அங்கே வெயிலில் வெந்து, பீப்பாய்கள் வெடித்தும் கசிந்தும் கிடந்தன. இத்தாலியில் பயின்ற நைஜீரிய மாணவர்கள் அங்குள்ள பத்திரிகைச் செய்திகளைக் கண்டு தாய்நாட்டிற்கு அறிவித்த பின்னரே, 1988-இல் உலகம் இதனை அறிந்தது.

நைஜீரியா வெகுண்டெழுந்தது. கழிவைத் திரும்ப எடுத்துக்கொள்ள இத்தாலி இணங்க வேண்டியதாயிற்று. அதை ஏற்றிய 'கரின் பி' என்ற கப்பலை ஐரோப்பியத் துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரட்டின. தம் மண்ணில் ஒரு நாள் தங்கவும் அனுமதிக்க மாட்டாத பொருளை, ஆப்பிரிக்க ஏழையின் முற்றத்தில் பல மாதங்கள் வைத்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் காரணம் எளிய கணக்குதான். செல்வ நாடுகளில் சுற்றுச்சூழல் சட்டங்கள் கடுமையாயின. நச்சை முறைப்படி அழிக்கும் செலவு ஏறியது. வறிய நாட்டுக்கு அனுப்பும் செலவோ அதில் சிறு பகுதியே. மேற்கு ஆப்பிரிக்காவின் மிக வறிய நாடுகளுள் ஒன்றான கினி பிஸாவுக்கு, 1.5 கோடி டன் கழிவை ஐந்தாண்டுகளில் ஏற்றுக்கொண்டால் 60 கோடி டாலர் தருவதாக ஆசை காட்டப்பட்டது. அத்தொகை அந்நாட்டின் ஓராண்டு வருமானத்தைவிடப் பன்மடங்கு. எதிர்ப்புக் கிளம்பியதால் 1988-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பசித்தவன் முன்னே நஞ்சையும் நாணயத்தையும் ஒரே தட்டில் நீட்டுவதற்கு வணிகம் என்று பெயரிடலாமா?

பாசெல் நகரில் பிறந்த உடன்படிக்கை

இந்த அநீதிகள் உலக மனச்சான்றைத் தட்டி எழுப்பின. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்புக்கு அப்போது தலைமை வகித்தவர் எகிப்து நாட்டு அறிவியலாளர் டாக்டர் முஸ்தபா கமால் தோல்பா. 1975 முதல் 1992 வரை அப்பொறுப்பை வகித்து, 2016-இல் காலமானவர். வடநாட்டவரும் தென்னாட்டவரும் எதிரெதிராக நின்ற பேச்சுவார்த்தைகளை முடிவுக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1989 மார்ச் 22-ஆம் நாள் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில், கேடு விளைக்கும் கழிவுகள் எல்லை கடந்து செல்வதைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 1992 மே 5 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் இலங்கையும் அவ்வாண்டிலேயே இணைந்தன. இன்று 190-க்கும் மேற்பட்ட தரப்புகள் அதில் அங்கம் வகிக்கின்றன. 1990-இல் கையொப்பமிட்ட அமெரிக்கா இன்றளவும் அதனை உறுதிசெய்து உறுப்பு நாடாகவில்லை.

அதன் விதிகளைப் படித்தபோது, நம் மதரஸாக்களில் வணிகவியல் பாடத்தில் நாம் ஓதுகிற சட்டங்களின் சாயலை அங்கே கண்டு வியந்தேன்.

முதலாவது, அறிவித்தல். கழிவை அனுப்ப விரும்பும் நாடு, அது என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எவ்வாறு கையாளப்படும் என்பதை எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நம் ஃபிக்ஹு நூல்களும், பொருளில் உள்ள குறையை மறைக்காமல் சொல்வது விற்பவரின் கடமை என்றே கூறுகின்றன. என்னவென்றே தெளிவில்லாத பொருளை விற்பது 'கரர்' எனத் தடுக்கப்படுகிறது.

இரண்டாவது, ஒப்புதல். பெறும் நாடும், வழியில் கப்பல் கடக்கும் நாடுகளும் எழுத்து மூலம் இசைவு தந்த பின்னரே சரக்கு நகரலாம். வணிகம் இருதரப்பின் மனமொப்பிய இசைவோடு நடைபெற வேண்டும் என்பது திருமறையின் கட்டளையன்றோ?

மூன்றாவது, திரும்பப் பெறுதல். பொய்ப் பெயரிலோ, இசைவு பெறாமலோ அனுப்பப்பட்டது தெரியவந்தால், அனுப்பியவர் செய்த குற்றத்திற்கு அனுப்பிய நாடே பொறுப்பேற்று அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். குறை காணப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உள்ள உரிமையைக் 'கியாருல் ஐபு' என்று நாம் ஓதுகிறோம். அந்த உரிமையையே நாடுகளுக்கிடையே நிலைநாட்டியிருக்கிறது இவ்விதி.

இவை அனைத்திற்கும் மேலாக, கழிவு உண்டாவதையே குறைக்க வேண்டும், உண்டானதை இயன்றவரை உண்டாக்கிய நாட்டிலேயே அழிக்க வேண்டும் என்பதும் உடன்படிக்கையின் அடிப்படை.

ஆயினும் ஆப்பிரிக்க நாடுகள் இதனால் நிறைவடையவில்லை. வறுமையில் வாடுபவனிடம் கையெழுத்து வாங்குவது எளிது. வெறும் ஒப்புதல் போதாது, முழுத் தடையே தேவை என்று அவை வாதிட்டன. 1991-இல் மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவில் கூடி, ஆப்பிரிக்கக் கண்டத்திற்குள் நச்சுக் கழிவு இறக்குமதியை அறவே தடுக்கும் தனி உடன்படிக்கை கண்டன. 1995-இல், செல்வ நாடுகள் ஏனைய நாடுகளுக்கு நச்சுக் கழிவு அனுப்புவதைத் தடுக்கும் திருத்தம் பாசெல் உடன்படிக்கையிலும் ஏற்கப்பட்டது. ஆனால் போதிய நாடுகள் அதை உறுதிசெய்து, அது நடைமுறைக்கு வந்தது 2019 டிசம்பர் 5 அன்றுதான். நீதி இருபத்து நான்கு ஆண்டுகள் வாசலில் காத்து நின்றது.

அந்தக் காத்திருப்பின் விலை

அந்த இடைக்காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரம் சாட்சி. டிராஃபிகுரா என்ற பன்னாட்டு எண்ணெய் வணிக நிறுவனம் வாடகைக்கு எடுத்த 'புரோபோ கோலா' என்ற கப்பலில் எண்ணெய்ப் பொருளைக் கழுவிய நச்சுக் கழிவு இருந்தது. ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் அதைச் சுத்திகரிக்கக் கேட்ட கட்டணம் மிக அதிகமென்று கருதி, கழிவை மீண்டும் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். 2006 ஆகஸ்டில் அபிஜானில், முன் அனுபவமற்ற உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அற்ப விலைக்கு அது ஒப்படைக்கப்பட்டது. அவர் லாரிகளில் ஏற்றி இரவோடிரவாக நகரின் பல இடங்களில் கொட்டினார்.

பொழுது விடிந்தபோது நகரமே மூச்சுத் திணறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளை நாடினர். பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தனர். மரணங்களுக்குத் தம் கழிவு காரணமல்ல என்று நிறுவனம் மறுத்தது. எனினும் 2007-இல் அந்நாட்டு அரசுடன் ஏறத்தாழ 20 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. கழிவைச் சட்டவிரோதமாக வெளியேற்றிய குற்றத்திற்காக 2010-இல் நெதர்லாந்து நீதிமன்றம் அதற்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

ஆம்ஸ்டர்டாமில் சில லட்சம் மிச்சம் பிடிக்கப் போய், அபிஜானில் ஒரு நகரத்தின் நிம்மதி பறிபோயிற்று.

நமக்கு அருகில்

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று எண்ண வேண்டாம். நம் உறவினர் பலர் வாழும் மலேசியாவையும் இலங்கையையும் பாருங்கள்.

உலகம் ஏற்றுமதி செய்த பிளாஸ்டிக் கழிவில் பெரும்பகுதியை நெடுங்காலம் வாங்கி வந்த சீனா, 2018-இன் தொடக்கத்தில் கதவை அடைத்தது. உடனே அக்கழிவு தென்கிழக்காசியாவை நோக்கித் திரும்பியது. சிலாங்கூர் மாநிலத்தின் ஜெஞ்சாரோம் என்ற சிற்றூரில் உரிமமற்ற ஆலைகள் பெருகின. பயன்படாத பிளாஸ்டிக் இரவில் எரிக்கப்பட்டது. ஊர்மக்கள் இருமலோடும் கண்ணெரிச்சலோடும் போராடிய பின்னரே அரசு அந்த ஆலைகளை மூடியது. அங்கே கிடந்த கழிவு மட்டும் ஏறத்தாழ 17,000 டன். மலேசிய அரசு பெட்டகங்களைத் திறந்து ஆராய்ந்து, 150 பெட்டகங்களைப் பதின்மூன்று நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. உலகின் குப்பைத் தொட்டியாக இருக்கமாட்டோம் என்பதே அதன் நிலை.

இலங்கையில் நடந்தது இன்னும் அருவருப்பானது. 2017, 2018-ஆம் ஆண்டுகளில் பிரிட்டனிலிருந்து வந்த 263 பெட்டகங்களின் ஆவணங்களில், பழைய மெத்தைகள், தரைவிரிப்புகள் என்ற பொருளே குறிக்கப்பட்டிருந்தது. கொழும்பில் சுங்கத்துறையினர் திறந்து பார்த்தபோது மருத்துவமனைக் கழிவுகளும் உள்ளே இருக்கக் கண்டனர். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் நீதிமன்றம் சென்றனர். 2020 செப்டம்பரில் முதல் 21 பெட்டகங்கள் திரும்பிச் சென்றன. கடைசிப் பெட்டகங்கள் 2022 பிப்ரவரியில் கப்பலேறின. கியாருல் ஐபு வென்றது!

நம் நாடும் விலக்கல்ல. மும்பையை அடுத்த நவசேவா துறைமுகத்தில் மசகு எண்ணெய் என்ற பெயரில் இறங்கிய 133 பெட்டகங்களில் இருந்தது நச்சுக் கழிவெண்ணெய். அதை இறக்குமதி செய்தவர்களின் செலவிலேயே எரித்து அழிக்க 2005-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நம் கொடைக்கானலில், அமெரிக்காவிலிருந்து 1983-இல் இடம்பெயர்ந்து வந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடித் துண்டுகள் பழைய பொருள் கடையொன்றில் கண்டுபிடிக்கப்பட்ட பின் 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு, சுத்திகரிப்பதற்காக அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்டது. மக்கள் விழித்திருந்தால் கப்பல்கள் எதிர்த்திசையிலும் செல்லும் என்பதற்கு இது சான்று. ஆயினும் அம்மலையின் மண்ணில் ஊறிய பாதரசத்தைக் கப்பலேற்ற முடியவில்லை.

மேற்கண்ட சம்பவங்களில் ஒரு பொதுத்தன்மையைக் காண்கிறோம். சாம்பலுக்கு உரம் என்று பெயர். கழிவெண்ணெய்க்கு மசகு எண்ணெய் என்று பெயர். மருத்துவமனைக் குப்பைக்கு மெத்தை என்று பெயர். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே பரப்பும் அதே பழைய தந்திரம்! அன்று குவியல் கண்ணெதிரே இருந்தது. இன்று இரும்புப் பெட்டகத்தில் முத்திரையிடப்பட்டுக் கடல் கடந்து வருகிறது. எனவே உள்ளே கையை விட்டுப் பார்ப்பதற்கு ஒரு சட்டம் தேவைப்படுகிறது. பாசெல் உடன்படிக்கையின் சாரம் இதுவே.

அச்சட்டம் காலத்திற்கேற்ப விரிந்தும் வருகிறது. கலப்படமான பிளாஸ்டிக் கழிவுகள் 2021 ஜனவரி முதல் முன்னறிவிப்பு, ஒப்புதல் விதிக்குள் வந்தன. பழுதான கணினி, கைப்பேசி போன்ற மின்னணுக் கழிவுகள் அனைத்தும் 2025 ஜனவரி முதல் இவ்விதிக்கு உட்பட்டுள்ளன. இந்த இரண்டாவது திருத்தத்திற்குத் தக்க காரணம் உண்டு. பழுதாகிப்போன கணினிகளையும் தொலைக்காட்சிகளையும் 'பயன்படுத்திய பொருள்', 'அன்பளிப்பு' என்ற பெயர்களில் ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்புவது வழக்கமாயிருந்தது. கானா நாட்டின் அக்ரா நகரில் இருந்த அக்போக்புளோஷி கிடங்கில், செம்புக்காகக் கம்பிகளை எரித்து நச்சுப் புகையில் வாழ்ந்தவர்களில் சிறுவர்களும் இருந்தனர். 2021-இல் அக்கிடங்கு அகற்றப்பட்டது. நாமே கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத இழிந்த பொருளைத் தர்மமாகக் கொடுக்க நாடாதீர் என்ற கருத்தில் திருமறை எச்சரிப்பது நினைவுக்கு வருகிறதல்லவா?

மாணவருக்குச் சொன்ன பதில்

ஒரு வாரம் கழிந்து அவர் வந்தார். நான் அறிந்தவற்றை இவ்வாறு எடுத்துரைத்தேன்.

பழைய பொருள் வியாபாரம் இழிவானதன்று. 'காயலான் கடை' என்ற சொல்லையே காயல்பட்டினத்து வணிகர்களோடு தொடர்புபடுத்திச் சொல்வதுண்டு. பிறர் வேண்டாமென்று எறிந்ததை மீண்டும் பயனுக்குக் கொண்டுவருவது வீண்விரயத்தைத் தடுக்கும் நற்செயல். உலகச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு விதிகளும், உரிய அனுமதியோடு மறுபயன்பாட்டிற்காகக் கொண்டுவருவதற்கு வழிவிடுகின்றன. கொட்டி அழிப்பதற்காகக் கொண்டுவருவதையே தடுக்கின்றன. ஆகவே கேள்வி வியாபாரம் பற்றியதன்று; அந்த ஒரு நிபந்தனையைப் பற்றியது. சரக்கைப் பார்க்கக் கூடாது என்பவர், குவியலுக்குள் கையை விடாதே என்கிறார். உள்ளே ஈரம் இருப்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

"வாங்குகிற நான் சம்மதித்துத்தானே வாங்குகிறேன் ஹஜ்ரத்? ஏமாந்தவர் எவருமில்லையே?" என்றார் அவர்.

நியாயமான கேள்வி. ஆனால் எஞ்சுவதை ஊருக்கு வெளியே கொட்டும்போது, அங்கே கிணற்று நீர் குடிப்பவர் சம்மதித்தாரா? அந்தப் புகையைச் சுவாசிக்கும் குழந்தை சம்மதித்ததா? தனக்கு உரிமையில்லாத பொருளை எவரும் விற்க முடியாது என்பது நம் சட்டம். நிலத்தடி நீரும் காற்றும் உமக்கோ எனக்கோ தனிச்சொத்தல்ல. கோகோ ஊரில் முற்றத்தை வாடகைக்கு விட்டவர் தம் முற்றத்தை மட்டும் கொடுக்கவில்லை. அறியாமலே அண்டை வீட்டாரின் ஆரோக்கியத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அவராவது அறியாமல் செய்தார். உள்ளே இருப்பதை ஐயுற்ற பின்பும் கண்ணை மூடிக்கொள்பவர் அறியாதவர் ஆகமாட்டார்.

"நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்வார்" என்ற வாதத்திற்கும் விடை கூறினேன். எவரும் பிறரது சுமையைச் சுமக்கமாட்டார் என்று இறைமறை மீண்டும் மீண்டும் உணர்த்துகிறது. மற்றவர் செய்யப்போவது மற்றவரின் ஏட்டில் எழுதப்படும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். முள்ளை அகற்றாவிட்டாலும் போகட்டும், கூலி வாங்கிக்கொண்டு முள்ளைக் கொண்டுவந்து பரப்பலாமா?

அவர் தலைகுனிந்து சற்று நேரம் அமர்ந்திருந்தார். மகளின் திருமணம் நெருங்குவதையும் கடன் இருப்பதையும் சொன்னார். என்னிடம் அதற்குத் தீர்வு இல்லை. துஆச் செய்வதாக மட்டும் சொன்னேன். நேர்மையைப் பற்றி மஸ்ஜிதில் அமர்ந்து பேசுவது எனக்கு எளிது, கடன்காரர் முன்னே நின்று கடைப்பிடிப்பது அவருக்குக் கடினம் என்பதை அந்த நேரத்தில் நன்கு உணர்ந்தேன்.

இல்லங்களில் நாம்

சகோதரிகளே! இது வணிகருக்கு மட்டும் உரிய பாடமன்று. தன் குப்பையைப் பிறர் வாசலில் தள்ளும் மனப்பான்மை கப்பல் கம்பெனிகளில் பிறக்கவில்லை, வீடுகளில்தான் பிறக்கிறது. நம் வீட்டைப் பெருக்கித் தெருவில் தள்ளுகிறோம். தெருக் குப்பை ஊர்க்கோடிக்குப் போகிறது. ஊர்க்கோடியில் வாழ்பவர் யார் என்று நாம் கேட்பதில்லை. நாடுகள் செய்வதும் இதுவே, அளவுதான் பெரிது.

ஆகவே தேய்ந்த பேட்டரி, உடைந்த குழல்விளக்கு, பழுதான கைப்பேசி இவற்றைச் சமையலறைக் குப்பையோடு கலக்காதீர்கள். தனியே சேர்த்து, உரிமம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள். செம்புக்காகக் கம்பியை எரிக்கும் வழக்கம் உங்கள் தெருவில் இருந்தால் பக்குவமாக எடுத்துச் சொல்லித் தடுங்கள். பயன்படாத பொருளை ஏழைக்கு 'அன்பளிப்பு' என்று கொடுக்குமுன், அது இயங்குகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, தேவைக்கு மிஞ்சி வாங்குவதைக் குறையுங்கள். உண்டாகாத கழிவுக்குக் கப்பல் தேவையில்லை.

இறுதியாக அந்த மாணவரின் செய்தி. சென்ற மாதம் அவர் மீண்டும் வந்தார். கூட்டாளியிடம் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாராம். சரக்கை ஏற்றுவதற்கு முன்பு ஆய்வு செய்து சான்றிதழ் அனுப்பினால் சம்மதம் என்றாராம். அதன்பின் அங்கிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

"கடன் அப்படியேதான் இருக்கிறது ஹஜ்ரத். ஆனால் இரவில் தூக்கம் வருகிறது" என்றார்.

வல்ல ரஹ்மான் அவருடைய கடனை இலேசாக்குவானாக! மறைத்து விற்பவராகவும், அறிந்தும் அறியாதவர்போல் வாங்குபவராகவும் நம்மை ஆக்காதிருப்பானாக! அவன் அமானத்தாகத் தந்த மண்ணையும் நீரையும் காற்றையும் பேணி நடக்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.